நிமலன் நின்ற கடவை

அன்புள்ள அக்கா,

மகள் கார் ஓடப் பழகுகிறாள். வீதி விதிகள் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் போட்டுவிட்டு எழும்பிப் போயிருந்தாள். தேத்தண்ணீர்க் கோப்பையை வைக்க இடம் தேடி அதை ஒதுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். திறந்திருந்த பக்கத்தில் ரயில் கடவைக் குறி. குறுக்காக வைத்த இரண்டு வெள்ளைப் பலகைகள், அவற்றின் மேல் கறுப்பு எழுத்து. "வட் ஹப்பின்ட் அம்மா? இற்ஸ் ஜஸ்ட் எ சைன்," என்று மகள் வந்து கேட்டாள். இவள் பிறந்தபோது எனக்கு மருந்துச் சரக்கு அரைத்துக் கறி வைத்துத் தந்தவர் நீங்கள். இவளுக்கு உங்களை வீடியோ அன்ரி என்றுதான் நினைவு.

நாங்கள் இப்போது மெல்பேணில் இருக்கிறோம், அக்கா. ட்ருகனினா என்று ஒரு இடம். பெரிய பெரிய களஞ்சியங்களும், வேலி கூட அடைத்து முடியாத புது வீடுகளும். இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் எங்கேயாவது ஒரு ரயில் கடவை குறுக்கே வந்துவிடும். மணி அடிக்கும், தடி இறங்கும், எல்லாரும் கைத்தொலைபேசியைக் கையில் எடுப்பார்கள். நான் அந்தப் பலகைக் குருசைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடித்தபிறகுதான் தடி எழும்பியது தெரியும். சிட்னியில் ஒரு கடவையைக் கண்ணால் காண நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். பெரும்பாலும் அழுகைதான்.

சிட்னி வெஸ்ட்மீட்டில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் செங்கல் மாடியில் நீங்களும் உங்கள் புருசன் ஐயாவும் வந்து குடியேறிய கிழமை நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த உங்கள் மகள் வசந்தி உங்கள் இருவரையும் ஸ்பொன்சர் செய்து எடுத்திருந்தாள். நான் எதிர் வீடு. அதே ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை. மரியாதைக்கு எட்டிப் பார்க்க வந்தவளைக் கதிரையில் இருத்தி, என் பெயரைக் கூடக் கேட்காமல் ஒரு படத்தை நீட்டினீர்கள்.

"இது எந்த இடமெண்டு உனக்குத் தெரியுமோ, பிள்ளை?"

பத்தொன்பது வயதுப் பொடியன். தனக்கு அளவில்லாத பழுப்பு ஜக்கெற். அவனுக்குப் பின்னால் ஒரு குருசு சரிந்து நின்றது. ஏதோ தேவாலயத்து வாசல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் இறக்கிவிட்ட தடியைக் கண்டேன். ரயில் கடவை. இடது ஓரத்தில் ஒரு வீட்டுச் சுவரில் பாதி அளவு, அதில் பாதி வெட்டுப்பட்ட ஓர் இலக்கம். படத்தின் நிறம் எல்லாம் போய், சிவப்பு செம்மஞ்சளாகி, வெள்ளை பழுத்திருந்தது. எழுத்து என்று ஒன்றும் இல்லை.

அவன் நிமலன், உங்கள் மகன். எண்பத்துமூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி ஜெர்மனிக்கு அனுப்பினீர்கள். அந்த நாளில் எங்களுக்கு ஐரோப்பா முழுவதும் ஒரே நாடு, அதன் பெயர் ஜெர்மனி. போன பிள்ளையிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. பல மாதத்துக்குப் பிறகு அவனோடு பயணம் செய்த ஒரு பொடியன் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்து இந்தப் படத்தை அனுப்பினான். ஜன்னல் இல்லாத வான் வண்டியில் படுத்தபடி வந்தார்களாம். ஒரு கடவையில் தடி இறங்கியிருந்தபோது காலை நீட்ட இறக்கி விட்டார்களாம். யாரோ ஒருவனிடம் கமரா இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஆட்களைப் பிரித்து நிமலனை வேறு வண்டியில் ஏற்றியதோடு சரி. "எந்த நாடெண்டு எனக்குத் தெரியாது அன்ரி. ஜெர்மனிக்கு வந்திட்டம் எண்டு ஏஜென்சிக்காரன்தான் சொன்னவன்," என்று அந்தப் பிள்ளை தொலைபேசியில் அழுததாம்.

நீங்கள் ஏஜென்சிக்காரன் சொன்னதை நம்பினீர்கள். வேறு யார் சொல்ல இருந்தார்கள்?

ஐயா மூன்று வருடம்தான் சிட்னியில் இருந்தார். அவர் போன அன்று தமிழ் வானொலிக்காரர் மரண அறிவித்தல் எழுத விபரம் கேட்டுத் தொலைபேசி எடுத்தார்கள். எங்கள் மரண அறிவித்தல்களின் வழக்கம் தெரியும்தானே. பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் நாட்டைப் போடுவோம், உயிரோடு இல்லாத பிள்ளையென்றால் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடுவோம். ஒரு குடும்பம் உலகம் முழுவதும் எப்படிச் சிதறிப்போனது என்பதை அந்த இரண்டு வரியில் பார்த்துவிடலாம். வசந்தி (அவுஸ்திரேலியா) என்று சொல்லி முடித்தோம். மகனுக்கு என்ன போடுவது? அழுதுகொண்டிருந்த நீங்கள் அழுகையை நிறுத்தி, தெளிவாக, "ஜெர்மனி," என்றீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் ஜெர்மனியிலேயே குடியேறிவிட்டீர்கள். காலையில் தொலைக்காட்சியில் ஜெர்மன்காரருடைய செய்தி ஒளிபரப்பாகும். ஒரு சொல் விளங்காது. தேத்தண்ணீரோடு முன்னால் போய் இருப்பீர்கள். வாசிக்கிறவர்களை நீங்கள் பார்ப்பதில்லை. பின்னால் தெருவில் போகிற சனங்களைப் பார்ப்பீர்கள். அங்கே பனி கொட்டுவதைக் காட்டினால் எழும்பிப் போய் ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு வருவீர்கள். ஜனவரி மாதம், சிட்னி வெயில் தார் ரோட்டை உருக்குகிறது, நீங்கள் கழுத்து வரை பொத்தான் பூட்டி வேர்த்து வழிந்துகொண்டு இருப்பீர்கள். "உங்களுக்கென்ன விசரா அக்கா?" என்று நான் ஏசியிருக்கிறேன். "பிள்ளைக்குக் குளிருமடி," என்பீர்கள். மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பிவிட்டு என் வேலைக்குப் போவேன்.

எல்லாவற்றையும் குழப்பியது ஒரு கலியாண வீடியோதான். ஜெர்மனியில் கொலோனில் இருந்த, உங்களுக்கு மகள் முறையான பெறாமகளின் கலியாணம். கசெற் தபாலில் வந்தது. தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். வழியில் ஒரு ரயில் கடவையில் கார் நிற்கிறது. "நிப்பாட்டு! நிப்பாட்டடி!" என்று நீங்கள் கத்திய கத்தலில் என் மகள் நித்திரையால் எழும்பிவிட்டாள். திரையில் அசையாமல் நின்ற குருசுக்குப் பக்கத்தில் படத்தைப் பிடித்துப் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் நான் அதற்கு முன் கண்டதில்லை. மகன் நின்ற நாட்டைக் கண்ணால் கண்டுவிட்டீர்கள் அல்லவா.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்குத்தான் அது வராதே. "அக்கா, இது வேற மாதிரி இருக்கு," என்றேன். ஜெர்மன்காரனின் குருசு நெட்டையாக நிற்கிறது, நுனிகளில் மட்டும் சிவப்பு, நடுவில் வெள்ளை. படத்தில் இருந்த குருசுக்கு விளிம்பெல்லாம் நிறம் ஓடுகிறது. அதைவிட, நிமலனின் தோளுக்குப் பக்கத்தில் குருசுக்குக் கீழே இன்னொரு பாதிக் குருசு, வீட்டுக் கூரை மாதிரி. இத்தனை வருடமும் அதைத் தடியின் ஒரு பகுதி என்று நினைத்திருந்தோம்.

கொலோனுக்குத் தொலைபேசி எடுத்தோம். பெறாமகளின் புருசன் அங்கே பொதி விநியோகிக்கிற வான் ஓடுகிறவர். "இஞ்ச எத்தினை தண்டவாளம் எண்டாலும் ஒரு குருசுதான் மாமி. ரெண்டு பாதை இருக்கிற இடத்தில கீழ பாதி போடுறது மற்ற நாட்டுக்காரர். ஒல்லாந்துக்குப் போகேக்க கண்டிருக்கிறன்," என்றார். நீங்கள் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தீர்கள். குசினிக்குள் போய்ச் சும்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றீர்கள்.

"அப்ப ஐயான்ர அறிவித்தலில பொய் போட்டிட்டமே," என்றீர்கள். அதுதான் நீங்கள் முதலில் சொன்னது.

அடுத்த நாளிலிருந்து வேட்டை தொடங்கியது. வெஸ்ட்மீட்டிலும் பரமட்டாவிலும் யாருக்கு ஐரோப்பாவில் சொந்தம் இருக்கிறதென்று விசாரித்து, கலியாணம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள் என்று கசெற்றுகளை இரவல் வாங்கினீர்கள். சனங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொருவரும் பலகாரம் வைத்து உபசரித்துத் தந்தார்கள். ஒரு வீட்டில் அவர்களோடு சேர்ந்து பார்க்க வேண்டி வந்ததும், நீங்கள் ரிமோட்டை வாங்கி வேகமாக ஓடவிட்டதும், அந்தப் பெண்பிள்ளையின் தாய் முகம் கறுத்துப்போய், "தாலி கட்டுறதை ஓட விட்டிட்டீங்களே அன்ரி!" என்றதும் நினைவிருக்கிறதா? "தாலி எல்லா நாட்டிலயும் ஒண்டுதானே, பிள்ளை. எனக்கு ரோட்டைக் காட்டு," என்றீர்கள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு எங்களுக்குப் பலகாரம் கிடைக்கவில்லை.

மற்றவர்கள் மாப்பிள்ளையின் தலைப்பாகையைப் பார்த்தார்கள். நாங்கள் கார் போகிற வழியைப் பார்த்தோம். சுவீடன்காரனும் பின்லாந்துக்காரனும் குருசுக்கு மஞ்சள் அடித்து வைத்திருந்தார்கள், பனிக்குள் வெள்ளை தெரியாதென்று அவர்களுக்குத் தெரியும். அதைக் கண்ட அன்று நீங்கள் சாப்பிடவே இல்லை. படத்தில் இருந்தது பழுத்த வெள்ளையா, உண்மை மஞ்சளா என்று யாரால் சொல்ல முடியும்? பாரிஸ் கசெற்றோ, அவர்களுடைய வீடியோ முறை வேறாம், எங்கள் இயந்திரத்தில் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும். நிறம் பார்க்கத்தானே போடுகிறோம் என்று நீங்கள் பிரான்ஸ் நாட்டையே திட்டினீர்கள். சில இடங்களில் கடவைக்கு முன்னால் முக்கோணத்துக்குள் வேலி வரைந்திருக்கும், சில இடங்களில் புகை விடுகிற பழைய எஞ்சின். வேலி என்றால் தடி உண்டு, எஞ்சின் என்றால் தடி இல்லை, நீயே பார்த்துக் கடந்துகொள் என்று அர்த்தமாம். கறிக்கு வாங்கிய பயத்தங்காயைப் பலகையில் குறுக்காக வைத்து, கீழே பாதி ஒடித்து வைத்து, ஒவ்வொரு நாட்டையும் எனக்குச் செய்து காட்டுவீர்கள். பிறகு அதையே வெட்டிப் பால்கறி வைப்பீர்கள். நானும் சாப்பிட்டிருக்கிறேன், ஒல்லாந்தையும் ஒஸ்ரியாவையும்.

அந்த இடையில்தான் ஒரு கலியாணத்துக்காக மெல்பேணுக்குக் காரில் வந்தோம். சிட்னியில் ரயில் எல்லாம் பாலத்தில் போய்விடும், அதுவரை நீங்கள் இந்த நாட்டுக் கடவை ஒன்றையும் கிட்ட நின்று பார்த்ததில்லை. மண்டபத்துக்குப் போகிற வழியில் தடி இறங்கியது. நான் பிறேக் பிடித்து முடிய முதல் நீங்கள் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டீர்கள். காஞ்சிபுரம் சேலையோடு போய் அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ரயில் போனது. தடி எழும்பியது. பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள். நீங்கள் அசையவில்லை. நடைபாதையில் நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் உங்களைக் கிட்ட வந்து பார்த்து, "யூ லொஸ்ற், லவ்?" என்றார். நீங்கள் அவரை நிமிர்ந்து பார்த்து, "நொட் மீ. மை சன்," என்றீர்கள். அவருக்கு என்ன விளங்கியதோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உங்களோடு கொஞ்ச நேரம் நின்றார்.

காரில் ஏறியபிறகு, "இவங்கள் எழுதி வச்சிருக்கிறாங்கள். அங்க ஒருத்தரும் எழுதேல்லை," என்றீர்கள். "அங்க பல பாசைக்காரர் போற ரோட்டுத்தானே அக்கா. வாசிக்கத் தெரியாட்டிலும் விளங்கட்டும் எண்டு," என்றேன். "ஒரு சொல்லு எழுதியிருந்தா என்ன குறைஞ்சா போயிருக்கும்," என்றீர்கள். எனக்கும் அந்த நேரம் ஐரோப்பா முழுவதின் மேலும் ஆத்திரமாக இருந்தது.

கடைசியில் பதில் தந்தது வீடியோ இல்லை. சிட்னியில் பெண்ணெடுத்து இத்தாலியிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளைப் பொடியன். விருந்துக்கு அழைத்திருந்தீர்கள். சோறு போட முதலே படத்தைக் கொடுத்தீர்கள். அவன் குருசைப் பார்க்கவே இல்லை. சுவர் ஓரத்தில் விரலை வைத்தான்.

"இது இத்தாலி, அன்ரி."

"வடிவாப் பார் தம்பி."

"பார்க்கத் தேவையில்லை. இது கேற் காவல்காரன்ர வீடு. ரெயில் பாதை நெடுக இதே மாதிரி வீடு கட்டி, இதே நிறம் அடிச்சு, சுவரில இப்பிடி நம்பர் போட்டிருப்பாங்கள். நான் பத்து வருசம் இந்த வீடுகளைப் பாத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனனான். கீழ பாதிக் குருசும் அங்க இருக்கு."

நீங்கள் கதிரையில் மெதுவாக இருந்தீர்கள். "அங்க குளிரோ?" என்றீர்கள்.

"தெற்குப் பக்கமெண்டா நல்ல வெயில் அன்ரி. எங்கட ஊர் மாதிரித்தான்."

ஸ்வெற்றர் போட்டு வேர்த்த அத்தனை ஜனவரிகளும் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. நான் குசினிக்குள் போய் அழுதேன். நீங்கள் அழவில்லை. அந்தப் பொடியனுக்கு இரண்டு கையாலும் அள்ளி அள்ளிச் சோறு போட்டீர்கள்.

அடுத்த நாள் காலை உங்கள் வீட்டுக்கு வந்தபோது இத்தாலிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அழுதுகொண்டிருந்தீர்கள். "இந்தச் சனங்களை எனக்குத் தெரியாதடி," என்றீர்கள். "இவ்வளவு வருசமும் வேற ஆற்றையோ பிள்ளையளைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன். இவன் இஞ்சால நிண்டிருக்கிறான்." உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் இருந்தேன். ஜெர்மன் செய்தியையும் நீங்கள் விடவில்லை. பழகிய முகங்களை அந்தரத்தில் விட்டுவிட்டு எப்படி வருவது என்றீர்கள். இரண்டையும் பார்த்தீர்கள்.

வசந்தி ஆளைத் தேடிக் கொடுக்கிற நிறுவனங்களுக்கு எழுதினாள். இத்தாலியில் அப்படி ஒரு பெயர் பதிவில் இல்லை என்று பதில் வந்தது. அங்கிருந்து வடக்கே மலையைக் கடந்து போனவர்களும் உண்டு, போகாமல் விட்டவர்களும் உண்டு, போகும்போதே போனவர்களும் உண்டு. அந்தக் கடவைக்கு அப்பால் நிமலனை ஒருவரும் காணவில்லை. படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாம், பிள்ளை ஏன் சிரிக்காமல் நிற்கிறான் என்று கேட்பார்கள். "தடி எழும்பட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறான்," என்பீர்கள்.

உங்களுக்கு உடம்பு வருத்தம் முற்றி, நான் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே கொண்டுவந்து போட்டார்கள். உங்கள் இரத்தம் எடுத்த குப்பிகள் எங்கள் மேசைக்கு வரும். பெயரைக் கண்டால் நான் மற்றவர்களிடம் கொடுத்துவிடுவேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் கட்டிலுக்கு வருவேன். ஒருநாள் வசந்தி வெளியே போன நேரம் பார்த்து என் கையை இழுத்தீர்கள்.

"என்ர அறிவித்தலை நீ பாத்துச் சொல்லு. வசந்தி அழுதுகொண்டு நிப்பாள், அவளுக்கு ஏலாது. அவன்ர பேருக்கு முன்னால ஒண்டும் போட விடாதை. பின்னால மட்டும் போடு."

"இத்தாலி எண்டு?"

"ஓம். இத்தாலி."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல, அக்கா? நீங்கள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். அடுத்த கிழமை நீங்கள் போய்விட்டீர்கள். வானொலிக்காரர் எடுத்தார். "மகன் இருக்கிறாரோ, காலமாகிட்டாரோ அம்மா? முன்னால என்ன போட?" என்று கேட்டார். நீங்கள் சொன்ன மாதிரியே வசந்தி தொலைபேசியை என் கையில் தந்துவிட்டாள். "முன்னால ஒண்டும் இல்லை. பின்னால இத்தாலி," என்றேன். அன்று மாலை உங்கள் பெயரோடு அதை வாசித்தார்கள்.

செத்தவீட்டுக்கு நல்ல சனம். வசந்தியின் மகன்தான் கிரியை செய்தான். எல்லாம் முடிந்து வெளியே நின்றபோது, பரமட்டாவில் முன்பு பலசரக்குக் கடை வைத்திருந்த அங்கிள் கைத்தடியோடு என்னிடம் வந்தார்.

"மகன் வரேல்லையோ, பிள்ளை?"

"இல்லை அங்கிள்."

"இத்தாலி எண்டு வாசிச்சவை. விசாப் பேப்பர் இல்லையாக்கும்."

"ஓம் அங்கிள்," என்றேன். "பேப்பர் பிரச்சினை."

"அது பெரிய கரைச்சல். என்ர மருமகனும் தாய் செத்ததுக்குப் போகேலாமல் கிடந்து அழுதவன். வெளிக்கிட்டா திரும்பி உள்ளுக்கை விடாங்கள். பாவம், பெத்த தாயின்ர முகத்தைப் பாக்கக் குடுத்து வைக்கேல்லை." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் காருக்குப் போனார்.

அந்தப் பொய்க்காக நான் வருந்தவில்லை, அக்கா. அவர் அழுதது நிமலனுக்காக. இருபது வருடமாக அவனைப் பற்றிப் பேசிய எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். இவர் சாதாரணமாக, எல்லார் வீட்டுப் பிள்ளையைப் போல, நாற்பது வயதில், பேப்பர் இல்லாமல், இத்தாலியில் ஏதோ ஓர் அறைக்குள் இருந்து தாயை நினைத்து அழுகிற மகனாக அவனை நினைத்துக்கொண்டு போனார். நான் அவரைத் திருத்தவில்லை. இனித் திருத்தவும் மாட்டேன்.

புது வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று கேள்விப்பட்டு, போன கிழமை அங்கிள் சிட்னியிலிருந்து எடுத்தார். காது இப்போது மந்தம், உரத்துத்தான் பேசவேண்டும். வீடு எப்படி, மகள் என்ன படிக்கிறாள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, வைக்கப் போகும்போது கேட்டார்:

"அக்கான்ர மகனுக்குப் பேப்பர் கிடைச்சுதோ, பிள்ளை?"

"இன்னும் இல்லை அங்கிள்," என்று கத்திச் சொன்னேன். "ஆனா ஆள் சுகமா இருக்கிறான்."